சளிக் காய்ச்சல் நரம்பையும் தொடுமா? மோப்பம் போனதிலிருந்து கால் தளர்வது வரை

#1 கொத்தமல்லிக்கட்டு

எல்லோருக்கும் வணக்கம். என் நாத்தனாருக்கு கொரோனா வந்தபோது மோப்பம் அடியோடு போனது. சில வாரங்களில் திரும்பியதும் நிம்மதியானோம். அதற்கப்புறம்தான் வேறு தொல்லை ஆரம்பித்தது. வெங்காயம் வதக்கினால் குப்பை நாற்றம் என்கிறார். டிகாஷன் இறங்கும் நேரத்தில் அடுக்களையை விட்டே வெளியேறிவிடுகிறார். முட்டை, பூண்டு, சிக்கன் வறுவல் எதுவும் ஆகவில்லை. ஆளே இளைத்துவிட்டார்.

இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ "வைரஸ் மூக்கு வழியாக ஏறி மூளையை அரிக்கிறது" என்று ஒரு வீடியோவைப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து அவருக்குத் தூக்கமும் போச்சு. சளி, காய்ச்சல் தரும் வைரஸ் உண்மையிலேயே மூளைக்குப் போகிறதா? பயமுறுத்தாமல் சொன்னால் நல்லது. அதற்காகப் பூசி மெழுகவும் வேண்டாம்.

#2 ரயிலடி ராசா

வீடியோ முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மூக்கின் உச்சிக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது துளைத் துளையான ஒரு மெல்லிய எலும்பு மட்டும்தான். அந்தத் துளைகள் வழியாக மோப்ப நரம்பு இழைகள் நேரே மூளைக்குப் போகின்றன. கேரளாவில் 2024-ல் குளத்தில் குளித்த பிள்ளைகளின் உயிரைக் குடித்த அமீபாவும் இந்த வழியில்தான் ஏறியது. அமீபாவுக்குத் திறந்த கதவு வைரஸுக்கு மட்டும் மூடியா இருக்கும்?

பிரிட்டனில் கொரோனா வந்தவர்களின் மூளை சுருங்கியிருக்கிறது என்று 2022-ல் நேச்சர் இதழிலேயே கட்டுரை வந்தது. அதையும் பார்த்துவிட்டுப் பேசலாம்.

#3 நுண்ணோக்கி

ராசா அண்ணா, கதவு இருக்கிறது என்பது சரி. கொரோனா வைரஸ் அந்தக் கதவுக்குள் போனதா என்பதுதான் கேள்வி. ஆய்வுகளைப் பார்த்தால், பெரும்பாலும் போகவில்லை.

இந்த வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய அந்தச் செல்லின் மேல் ஏசிஇ2 என்ற புரதம் இருக்க வேண்டும். மோப்பத் திசுவில் முக்கியமாக இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒன்று வாசனையை உணரும் நரம்பணு. இன்னொன்று அதைச் சுற்றி நின்று ஊட்டமும் உப்புச் சமநிலையும் பார்த்துக்கொள்ளும் தாங்கு செல். 2020-ல் ஹார்வர்டு ஆய்வுக்குழு எந்தச் செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று தேடிப் பார்த்தது. ஏசிஇ2 தாங்கு செல்லில் இருந்தது, நரம்பணுவில் இல்லை. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில், கொரோனாவில் இறந்தவர்களின் மூக்குத் திசுவை இறந்த சிறிது நேரத்திலேயே எடுத்துச் சோதித்தார்கள். வைரஸ் தாங்கு செல்களில் குடியிருந்தது. மோப்ப நரம்பணுவிலும் இல்லை, மூளையின் மோப்பக் குமிழின் உள்திசுவிலும் இல்லை.

பாடகருக்குத் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, மைக் செட்காரர்தான் எழுந்து போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி கேட்காது. கொரோனாவின் முதல் அலைகளில் மூக்கடைப்பே இல்லாதவர்களுக்குக்கூடத் திடீரென்று மோப்பம் போனது இப்படித்தான். தாங்கு செல்கள் சீக்கிரம் புதிதாக வளர்ந்துவிடும். அதனால்தான் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வாசனை திரும்பியது. நரம்பணுக்களே செத்திருந்தால் அவ்வளவு வேகமாகத் திரும்பாது.

#4 ரயிலடி ராசா

விளக்கம் அழகாக இருக்கிறது தம்பி. ஆனால் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 44 பேரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்து, மூளையிலும் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ இருந்தது என்று சொன்னதே? அதை விட்டுவிட்டீர்களே.

#5 நுண்ணோக்கி

விடவில்லை, அதற்குத்தான் வருகிறேன். அந்த 44 பேரும் கொரோனா தொற்றோடு இறந்தவர்கள், பலர் கடுமையான கொரோனாவால். உடம்பெல்லாம் வைரஸ் பரவியிருந்த நிலை அது. அவர்களுடைய மூளையிலும் ஆர்என்ஏ கிடைத்தது உண்மை. ஆனால் வைரஸ் நேரடியாகத் தாக்கினால் எதிர்பார்க்கக்கூடிய அழற்சி அங்கே பெரிதாக இல்லை என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. வீட்டில் படுத்து எழுந்த கொத்தமல்லி அக்காவின் நாத்தனாருக்கு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது.

பிரிட்டன் ஸ்கேன் விஷயம் இன்னும் சுவையானது. கொரோனா வருவதற்கு முன்பே அவர்களை ஒருமுறை ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள். இந்த மாதிரி வாய்ப்பு மருத்துவத்தில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே கொரோனா வந்த 401 பேரையும் வராத 384 பேரையும் ஒப்பிட்டார்கள். வந்தவர்களுக்கு மோப்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் கூடுதல் இழப்பு இருந்தது. எவ்வளவு என்றால், இடத்துக்கு இடம் 0.2 முதல் 2 சதவீதம். எல்லோரும் 51 வயதைத் தாண்டியவர்கள். வைரஸ் மூளையைத் தின்றதால் அப்படி ஆனது என்று அந்தக் கட்டுரை சொல்லவே இல்லை. மூக்கிலிருந்து வாசனைச் செய்தி வராமல் போனால், அதைக் கேட்டுக்கொண்டிருந்த பகுதியும் மெலிந்து போகலாம். அழற்சியும் காரணமாக இருக்கலாம். வீடியோ எடுத்தவர் "சுருங்கியது" என்ற ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

#6 கொத்தமல்லிக்கட்டு

இதைப் படித்ததே பாதித் தெம்பு. ஆனால் தாங்கு செல் சீக்கிரம் வளரும் என்றால் இவருக்கு ஏன் இன்னும் சரியாகவில்லை? அதுவும் காப்பி வாசனை ஏன் நாற்றமாக மாற வேண்டும்?

#7 நுண்ணோக்கி

சிலருக்குக் கதை தாங்கு செல்லோடு முடிவதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களில் நடக்கும் கலவரத்தில், வைரஸ் தொடாத நரம்பணுக்கள்கூட வாசனை ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்களை அணைத்துவிடுகின்றன. வெள்ளெலிகளிலும் மனிதத் திசுவிலும் இதைப் பார்த்தார்கள். நெடுநாள் மோப்பம் திரும்பாதவர்களின் மூக்கிலிருந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, வைரஸ் போன பிறகும் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் அங்கேயே முகாமிட்டிருந்தன. நரம்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. ஆக, காவலுக்கு வந்த நம் ஆட்களே கலைந்து போகாமல் இருக்கிறார்கள்.

காப்பி விஷயம்: வறுத்த காப்பிக் கொட்டையில் கந்தகம் சேர்ந்த சில சேர்மங்கள் உண்டு. மிக மிகக் கொஞ்சம் இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி எல்லாவற்றிலும் இந்த வகைச் சேர்மங்கள்தான் தூக்கல். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் இந்தக் கோளாறு உள்ளவர்களைக் காப்பியின் மணத்தைக் கூறு கூறாகப் பிரித்து முகரச் சொன்னபோது, பெரும்பாலோர் முகம் சுளித்தது இவற்றுக்குத்தான். நரம்பு பாதி வளர்ந்த நிலையில் உரத்த வாசனைகள் மட்டும் போய்ச் சேருகின்றன, மற்ற நூறு வாசனைகள் சேராமல் படம் அரைகுறையாகிறது என்பது ஒரு விளக்கம். ஒன்றுமே முகர முடியாதவருக்கு நாற்றமாவது வருகிறது என்றால், நரம்பு திரும்ப வளர்ந்துகொண்டிருப்பதற்கு அது அறிகுறியாகவும் இருக்கலாம்.

#8 மிளகுரசம்

ஓய்வு பெற்ற செவிலியர் நான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் நிறைய வருடம் இருந்தவள். கொத்தமல்லி, மோப்பப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரின் குழு 2009-ல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். இந்த நான்கையும் காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, கவனத்தோடு முகர வேண்டும். வெறுமனே உறிஞ்சினால் போதாது, அந்த வாசனையை மனதில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். அவர்கள் 12 வாரம் செய்யச் சொன்னார்கள். இப்போது இன்னும் அதிக நாள் செய்யச் சொல்கிறார்கள். மாயம் எதுவும் நடக்காது, எல்லோருக்கும் பலிக்கவும் பலிக்காது. ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை.

தைலத்தைத் தடவிவிட்டு "ஜிவ்வென்று ஏறுது, மோப்பம் வந்துவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். அந்த ஜிவ்வை உணர்வது முகத்துக்கு வரும் வேறொரு நரம்பு. அதை வைத்து மோப்பத்தை அளக்காதீர்கள்.

இன்னொன்று, வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கந்தக நாற்றம் அடிக்கும் மெர்காப்டனை அதில் சேர்க்கிறார்கள். மோப்பம் போனவருக்கு அது தெரியாது. தனியாகச் சமைப்பவர் என்றால் கசிவு காட்டும் கருவி ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். பழைய குழம்பு கெட்டுவிட்டதா என்றும் வேறு யாரையாவது முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

#9 திண்ணைக்காரர்

மூக்கை விட்டுக் காலுக்கு வருகிறேன். என் சித்தப்பாவுக்கு நல்ல ஃப்ளூ காய்ச்சல். விட்டு ஒன்றிரண்டு வாரம் இருக்கும், உள்ளங்காலில் மதமதப்பு. மறுநாள் படி ஏற முடியவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம், அசதி என்று சத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் ஜிபிஎஸ், அதாவது கில்லன்-பாரே என்ற நரம்பு நோயின் பெயரையே கேள்விப்பட்டோம். பிழைத்தார், இப்போது நடக்கிறார். ஆனால் அது பூனாவில் தண்ணீரால் வந்த நோய் அல்லவா, ஃப்ளூவுக்கும் வருமா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்.

#10 மிளகுரசம்

வரும் ஐயா. 2025 தொடக்கத்தில் பூனாவில் 200 பேருக்கு மேல் பாதித்தது. அங்கே காம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா கிடைத்தது, அசுத்தத் தண்ணீரால் வயிற்றுக்குள் போவது. ஆனால் ஜிபிஎஸ் என்பது ஒரே ஒரு கிருமியின் நோய் இல்லை. நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு முந்தைய சில வாரங்களில் வயிற்றுப்போக்கோ, சளிக் காய்ச்சலோ வந்துபோயிருக்கும். கிருமியை அடிக்க உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள், நரம்பின் மேலுள்ள பொருளும் அதே சாயலில் இருப்பதால் நரம்பையும் அடித்துவிடுகிறது. காய்ச்சல் போன பிறகு வருவதற்குக் காரணம் இதுதான். எதிர்ப்பொருள் தயாராக நாள் ஆகும்.

1916-ல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர்கள் மூன்று பேர், இரண்டு சிப்பாய்களிடம் பார்த்ததை எழுதினார்கள். கில்லன், பாரே, ஸ்ட்ரோல். ஸ்ட்ரோலின் பெயர் மட்டும் ஏனோ வழியில் உதிர்ந்துவிட்டது.

பார்க்க வேண்டியது இது: இரண்டு காலிலும் ஒரே மாதிரி மதமதப்பு, தளர்ச்சி, அது நாளுக்கு நாள் மேலே ஏறுவது. கைக்கு வந்து, விழுங்கச் சிரமம், மூச்சு வாங்குவது என்று போனால் மணிக்கணக்குதான். வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். ஐவிஐஜி என்ற ஊசி மருந்து உண்டு, விலை லட்சக்கணக்கில் போகும். ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையும் அதே அளவு பலன் தரும், செலவு குறைவு. இரண்டையும் சேர்த்துச் செய்வதில் கூடுதல் லாபம் இல்லை. ஸ்டீராய்டு இந்த நோய்க்கு உதவாது, அதை மட்டும் கொடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

#11 உண்மைவிளம்பி

எல்லாம் சரி, ஜிபிஎஸ் தடுப்பூசியால் வருகிறது என்பதை ஏன் யாரும் எழுதவில்லை? மறைக்கிறீர்களா?

#12 புள்ளிக்கணக்கன்

மறைக்க என்ன இருக்கிறது. அமெரிக்காவில் 1976-ல் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டபோது லட்சம் பேருக்குச் சுமார் ஒருவர் கூடுதலாக ஜிபிஎஸ்ஸால் பாதிக்கப்பட்டார். அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். நமக்குக் கோவிஷீல்டு என்ற பெயரில் வந்த ஆஸ்ட்ராஜெனகா ஊசிக்கும் இந்த ஆபத்து மிக அரிதாக உண்டு என்று ஐரோப்பிய மருந்து முகமையே அறிவித்தது. இங்கிலாந்தில் கோடிக்கணக்கானோரின் பதிவேடுகளைப் பார்த்து எண்ணினார்கள். அந்த ஊசியின் முதல் டோஸுக்குப் பிறகு ஒரு கோடி பேருக்கு 38 கூடுதல் ஜிபிஎஸ். கொரோனா தொற்றுக்குப் பிறகு ஒரு கோடி பேருக்கு 145. இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வதற்குப் பெயர்தான் மறைப்பது.

2009 எச்1என்1 பன்றிக் காய்ச்சல் சமயத்தில் இதைவிட விசித்திரமான ஒன்று நடந்தது. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் பாண்டம்ரிக்ஸ் என்ற ஊசி போட்ட சில பிள்ளைகளுக்கு நார்கோலெப்ஸி வந்தது. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழும் நோய். விழித்திருக்கச் செய்யும் ஹைபோகிரெடின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மூளையின் அடிப்பகுதியில் கொஞ்சமாகத்தான் இருக்கின்றன, அவை அழிந்துவிடுகின்றன. ஊசிதான் குற்றவாளி என்று கேஸை மூடும் நேரத்தில் பெய்ஜிங்கிலிருந்து ஒரு தகவல். அங்கே அந்த ஊசியே போடவில்லை, ஆனால் எச்1என்1 அலைக்கு அடுத்த மாதங்களில் அங்கும் நார்கோலெப்ஸி கூடியிருந்தது. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களிடம், ஃப்ளூவைப் பார்த்த நோயெதிர்ப்பு மண்டலம் தடம் மாறிவிடுகிறது என்றுதான் இப்போது நினைக்கிறார்கள். இங்கேயும் ஃப்ளூ வைரஸ் மூளைக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை, கவனியுங்கள்.

#13 மல்லிப்பூ அம்மா

என் சின்னவனுக்கு ஒன்றரை வயது. காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வந்துவிட்டது. மாமியார் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார், பக்கத்து வீட்டு அண்ணன் வாயில் ஸ்பூன் வைக்க வந்தார். இதுவும் வைரஸ் மூளையைத் தாக்கியதா?

#14 மிளகுரசம்

இல்லை கண்ணு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். சில நிமிடங்களில் தானாக நின்று, பிள்ளை பழையபடி முழித்துப் பார்த்தால் மூளைக்குப் பாதிப்பில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவிக்கொத்து கெடுதல் செய்யாது, உதவவும் செய்யாது, மாமியாரோடு சண்டை வேண்டாம். முதல் தடவை என்றால் நின்ற பிறகும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்ற பிறகும் பிள்ளை மயக்கத்திலேயே இருந்தாலோ, பெற்றவர்களை அடையாளம் தெரியாமல் பிதற்றினாலோ உடனே ஓடுங்கள். ஃப்ளூவில் அபூர்வமாக மூளை வீங்கும் நிலை ஒன்று உண்டு. ஜப்பானில் 1990-களில் நிறையக் குழந்தைகளிடம் பார்த்து விவரித்தார்கள். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாளிலேயே நிலைமை முற்றிவிடும். தண்டுவட நீரில் தேடினால் பெரும்பாலும் வைரஸ் கிடைக்காது. உடம்பு சுரக்கும் அழற்சிப் பொருள்களின் வெள்ளம்தான் சேதம் செய்கிறது.

காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ளூவோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் ஈரலும் மூளையும் ஒன்றாகக் கெடும் ரேய் நோய் வரக்கூடும். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும்.

#15 ரயிலடி ராசா

அப்படியானால் சுவாச வழியாக வரும் எந்த வைரஸும் நரம்புக்குள் போவதே இல்லை, எல்லாம் நம் உடம்பின் வேலை என்று முடித்துவிடலாமா? எனக்கு ஒப்பவில்லை.

#16 நுண்ணோக்கி

ஒப்ப வேண்டாம், இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். இருமலில் பரவும் வைரஸ். சொறி மறைந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போய், எல்லோரும் மறந்த பிறகு, பெரும்பாலும் ஆறு முதல் பத்து வருடம் கழித்து, படிப்பில் சறுக்கல், நடத்தையில் மாற்றம், கை கால் வெட்டி இழுப்பது என்று தொடங்கும். எஸ்எஸ்பிஇ என்று பெயர். அத்தனை வருடமும் உருமாறிய தட்டம்மை வைரஸ் நரம்பணுக்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது. குணமாக்க மருந்து இல்லை. இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்த பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். இந்தியாவில் நரம்பியல் மருத்துவர்கள் இன்னும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒன்பது மாதத்தில் போடும் ஊசியை யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் என்டிரோவைரஸ் டி68. 1962-ல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தபோது சாதாரணச் சளி வைரஸ். 2014-ல் அமெரிக்காவில் பெரிய அலை வந்தது, அதையொட்டிப் பிள்ளைகளுக்குக் கையோ காலோ திடீரென்று துவண்டது. அந்த ஆண்டு 120 பேர், 2016-ல் 153, 2018-ல் 238. போலியோ வைரஸின் நெருங்கிய உறவு அது. தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள்தான் இதற்கும் இலக்கு.

#17 ஓஎம்ஆர் பயணி

தாமதமாக வருகிறேன். எனக்கு மோப்பம் போகவில்லை, காலும் தளரவில்லை. கொரோனா வந்துபோன பிறகு மண்டைக்குள் பஞ்சு அடைத்த உணர்வு. மீட்டிங்கில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் தொடக்கத்தில் என்ன சொன்னார் என்பது மறந்துவிடும். நானே எழுதிய கம்ப்யூட்டர் கோடு அந்நியமாகத் தெரிகிறது. மேனேஜர் சோம்பேறித்தனம் என்கிறார். எம்ஆர்ஐ நார்மல். இது மனப்பிரமையா?

#18 நுண்ணோக்கி

எம்ஆர்ஐ நார்மல் என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. 2022-ல் அமெரிக்காவில் மிஷெல் மோன்ஜே, அகிகோ இவாசாகி இருவரின் குழுக்களும் சேர்ந்து ஒரு சோதனை செய்தன. எலிகளுக்குச் சுவாசப் பாதையில் மட்டும் லேசான கொரோனா. மூளையில் வைரஸ் இல்லை. ஆனாலும் மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்து எழுந்தன. நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் பிறப்பது குறைந்தது. நரம்பிழையின் மையலின் உறையை உண்டாக்கும் செல்களும் குறைந்தன. சிசிஎல்11 என்ற அழற்சிப் பொருள் கூடியிருந்தது. இதே குறை சொல்லும் மனிதர்களின் ரத்தத்திலும் அது அதிகம் இருந்தது.

ஃப்ளூ கொடுத்த எலிகளையும் பார்த்தார்கள். தொடக்கத்தில் அதே கதை. ஹிப்போகாம்பஸில் நீடித்தது, ஆனால் மையலின் உறை கொண்ட நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளில் ஏழு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆக, இது கொரோனாவுக்கே உரிய வினோதம் இல்லை, அளவில்தான் வித்தியாசம். 2024-ல் அயர்லாந்தின் டப்ளின் ஆய்வாளர்கள் ஒருபடி மேலே போனார்கள். இந்த மூளை மூட்டம் உள்ளவர்களின் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவேயுள்ள தடுப்பில் கசிவு இருப்பதைச் சிறப்பு எம்ஆர்ஐயில் காட்டினார்கள். சாதாரண எம்ஆர்ஐயில் அது தெரியாது.

நிரூபணமான மருந்து இன்னும் கிடையாது. "மூளைச் சுத்திகரிப்பு டானிக்" விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

#19 மிளகுரசம்

பயணி தம்பி, கொரோனா தலையில் எல்லாப் பழியையும் போடுவதற்கு முன் பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை பார்த்துவிடுங்கள். சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் பி12 கட்டாயம், அது குறைந்தாலும் இதே மூட்டம்தான். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். இவை சரிசெய்யக்கூடியவை. எல்லாம் சரியாக இருந்தும் மூட்டம் இருந்தால், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருநாள் நன்றாக இருக்கிறதே என்று நாலு நாள் வேலையை இழுத்துப் போடாதீர்கள். மேனேஜருக்கு மருத்துவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள், வாய்ப்பேச்சைவிட அது வேலை செய்யும்.

#20 கொத்தமல்லிக்கட்டு

நிறையப் பேர் நேரம் எடுத்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நாத்தனாரை யாரிடம் காட்டுவது? நரம்பு டாக்டரா, காது மூக்கு தொண்டையா? அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

#21 மிளகுரசம்

முதலில் காது மூக்கு தொண்டை. உள்ளே சதை வளர்ச்சி, சைனஸ் எதுவும் இல்லை என்று குழாய் விட்டுப் பார்த்துவிடுவார்கள். தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் என்று வேறு ஏதாவது இருந்தால் மட்டும் நரம்பு டாக்டர். சாப்பாட்டில் வறுத்தது, வதக்கியது, பூண்டு வெங்காயம் எல்லாவற்றையும் கொஞ்ச காலத்துக்கு ஒதுக்குங்கள். தயிர் சாதம், இட்லி, பழம், பருப்பு, ஆறிய சாப்பாடு. சூடாக இருந்தால் ஆவியோடு வாசனையும் தூக்கும். எடையை வாரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள், இறங்கிக்கொண்டே போனால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.